சிலை செய்த கை கார் ஸ்டூடியோவுக்குள் போகலாமா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

மனித உருவம் செய்யப் பழகியவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தலை, மார்பளவு, முழு உருவம் என்று நாலைந்து வருஷம் களிமண்ணோடு கழிந்தாயிற்று. கண்காட்சியில் பாராட்டு கிடைக்கிறது, மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. கார் கம்பெனிகளில் களிமண்ணில் மாதிரி செய்பவர்கள் இருக்கிறார்களாமே, அங்கே நம் கைக்கு வேலை உண்டா? உண்டென்றால் நேரே போய்க் கதவைத் தட்டலாமா, வாகன வடிவமைப்புப் படிப்பில் சேர வேண்டுமா, இல்லை களிமண்ணை மூட்டை கட்டிவிட்டுக் கணினி முன் உட்கார வேண்டுமா?

நான் முகச் சிற்பத்திலிருந்து கிளே மாடலிங்குக்கு, அதாவது கார் மாதிரியைக் களிமண்ணில் செய்யும் வேலைக்கு, வந்தவன். அதனால் களிமண் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "எது நல்லது" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். நான் ஐந்தை வைத்துக்கொள்கிறேன்.

- ஏற்கெனவே கையில் இருக்கும் திறமையில் எவ்வளவு அப்படியே பயன்படும்
- எதையெல்லாம் மறக்க வேண்டியிருக்கும்
- முதல் சம்பளம் வரும்வரை எவ்வளவு காலமும் பணமும் போகும்
- செய்யும் வடிவத்தில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு இடம்
- பத்து, பதினைந்து வருஷம் கழித்து உடம்பும் தொழிலும் எப்படி இருக்கும்

இவற்றில் இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. உருவச் சிற்பம் தரும் நன்மைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது விட்டுச்செல்லும் பழக்கங்கள் ஸ்டூடியோவில் எப்படிக் காலை வாரிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. என் முதல் வருஷம் முழுக்க அதோடுதான் போராட்டம்.

## கையோடு வருபவை

முதலாவது, தளம் பார்க்கும் கண். தலை செய்யக் கற்றுக்கொடுக்கும் எந்த ஆசிரியரும் கண்ணிமையில் ஆரம்பிக்க விடமாட்டார். நெற்றி ஒரு தளம், கன்னத்தின் முன்பக்கம் ஒரு தளம், பக்கவாட்டு ஒரு தளம். இவை எங்கே திரும்புகின்றன என்பது பிடிபட்ட பிறகுதான் மூக்கும் வாயும். வாகனத்திலும் இதே வரிசைதான். பக்கச் சுவர் ஒரு பரப்பு, தோள் ஒரு பரப்பு, பானெட் ஒரு பரப்பு. இரண்டு பரப்புகளை நீட்டினால் அவை சந்திக்கும் இடத்தில் முதலில் ஒரு கூர்விளிம்பு வர வேண்டும். அந்த விளிம்பு முன்னிருந்து பின்வரை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அதை உருட்ட வேண்டும். அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே உருட்டினால் கிடைப்பது கார் இல்லை, தேய்ந்துபோன சோப்புக்கட்டி.

இரண்டாவது, தோலுக்கு அடியில் எலும்பைத் தேடும் பழக்கம். நல்ல கன்னத்தில், சதை எலும்பின் மேல் இழுபட்டு நிற்கும் இடமும் தளர்ந்து விழும் இடமும் தனித்தனியே தெரியும். காரில் சக்கரம்தான் மூட்டு, அதைச் சுற்றி வரும் தகடுதான் தசை. சக்கரத்தின் மேல் பரப்பு உள்ளிருந்து தள்ளப்படுவது போல இழுபட்டு நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் காற்றுப் போன பலூன் மாதிரி இருக்கும். ஸ்டூடியோ பேச்சே உடம்பிலிருந்து வந்ததுதான். ஷோல்டர் என்பது தோள். பின்சக்கரத்தின் மேல் புடைக்கும் பகுதியை ஹான்ச் என்பார்கள், அது விலங்கின் பின்தொடையைக் குறிக்கும் சொல். மூக்கு, முகம், இடுப்பு, வால் என்று மீதியும் அப்படியே. உடம்பு செய்தவனுக்கு இந்த மொழி புதிதில்லை.

இதோடு சேர்ந்த ஒரு நுணுக்கம் உண்டு. உடம்பில் உண்மையான குழி மிகக் குறைவு. குழி என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் இரண்டு மேடுகளுக்கு நடுவே விழுந்த பள்ளம்தான். குழியைத் தோண்டாதே, இரண்டு பக்கமும் மேட்டை ஏற்று என்பது சிற்பிக்கு முதல் பாடம். காரின் பக்கவாட்டில் ஒளியை மேலும் கீழும் பிரிக்கும் உள்வாங்கிய பரப்பைச் செய்யும்போது இந்தப் பாடம் அப்படியே உதவும். பழகாதவர் நடுவில் சுரண்டிக்கொண்டே போவார். பழகியவர் மேலே இருக்கும் தோளைச் சரிசெய்வார்.

மூன்றாவது, நிற்கும் விதம். ஒரு காலில் எடை ஊன்றிய உருவத்தில் இடுப்பும் தோளும் எதிரெதிராகச் சாய்கின்றன. அது கொஞ்சம் தப்பினாலும் உருவம் விழப்போவது போலத் தெரியும். கார் நிற்பதையும் அதே கண்தான் பார்க்கிறது. எடை பின்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறதா, முன்னால் பாயக் காத்திருக்கிறதா, இல்லை நடுவில் தொங்குகிறதா? இதை அளவுநாடா சொல்லாது. பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே நொடியில் தெரியும்.

நான்காவதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். சிற்பி உருவத்தைச் சுற்றி வருகிறவன். டிசைனர் தரும் ஸ்கெட்ச் ஒரே கோணத்தில் உயிர்வாழும் படம். அதில் சக்கரங்கள் பெரிதாக இருக்கும், கூரை தாழ்ந்திருக்கும், கண்ணாடி ஒரு கீற்றாக இருக்கும். அதை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவரும்போது பக்கத்தோற்றத்தில் சரியான கோடு, முன்னிருந்து பார்த்தால் தப்பாகும். இரண்டையும் சரிசெய்தால் மூலையிலிருந்து பார்க்கும்போது சண்டை வரும். இந்தச் சண்டையைத் தீர்ப்பதுதான் கிளே மாடலரின் நிஜமான வேலை. முகத்தில் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் சரியாக இருந்தும் முக்கால் தோற்றத்தில் ஆள் வேறாகிப்போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

வரலாற்றிலும் இதற்கு ஆள் உண்டு. ஃபிளமினியோ பெர்தோனி இத்தாலியச் சிற்பி. பிரெஞ்சுக் கார் நிறுவனமான சித்ரோயனுக்காக 1934-இல் வந்த திராக்சியான் அவானும், 1955-இல் வந்த டி.எஸ். காரும் அவர் கையில் உருவானவை. டி.எஸ். காரின் பரப்பைக் கவனித்துப் பாருங்கள். கோடுகளால் வரைந்த உடம்பு அது இல்லை, உள்ளிருந்து நிரப்பிய உடம்பு. அமெரிக்காவில் ஹார்லி எர்ல் 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸில் ஆர்ட் அண்ட் கலர் என்ற பிரிவைத் தொடங்கினார். கார் வடிவத்தைக் களிமண்ணில் தேடும் முறை இந்தத் துறையின் பொது வழக்கமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பிறகு கணினி வந்தது, கணினி வடிவத்தை நிஜம் போலக் காட்டும் வி.ஆர். கண்ணாடி வந்தது. களிமண் மட்டும் இன்னும் ஸ்டூடியோவை விட்டுப் போகவில்லை.

## கையிலிருந்து உதற வேண்டியவை

இப்போது கசப்பான பகுதி.

கட்டைவிரல். உருவச் சிற்பத்தில் விரல் பதிந்த தடம் உயிர். காரில் அது குறை. ஸ்டூடியோ களிமண் நீர்க் களிமண் இல்லை. மெழுகும் எண்ணெயும் நிரப்புப் பொடியும் சேர்ந்தது, பல வகைகளில் கந்தகமும் உண்டு. அடுப்பில் சுமார் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, நுரைக் கூட்டின் மேல் அடுக்கடுக்காக அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலின் வேலை அத்தோடு முடிந்தது. ஆறி இறுகிய பிறகு பல் வைத்த ரேக்கால் குறுக்கும் நெடுக்கும் வாரி மேடுபள்ளம் எடுப்பார்கள். அப்புறம் ஸ்ப்லைன் என்ற நீளமான, வளையும் பட்டை, கடைசியில் தாள் போல மெல்லிய எஃகுத் தகடு. முடிவில் உங்கள் கை அங்கே இருந்ததற்கான தடயமே இருக்கக் கூடாது.

சமச்சீர். எந்த மனித முகமும் இரண்டு பக்கமும் ஒன்றில்லை, அந்த வித்தியாசத்தில்தான் ஆளே இருக்கிறார். காரில் இடமும் வலமும் அரை மில்லிமீட்டர் வேறுபட்டாலும் கேள்வி வரும். மாதிரி ஒரு தளமேடையில் நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்று அச்சிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் உண்டு. கண்ணளவு என்பது ஆரம்பம் மட்டுமே.

வளைவின் வேகம். இந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பரப்புகள் ஒட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒட்டுவது ஒரு படி, ஒரே திசையில் ஓடுவது அடுத்த படி, வளைவின் அளவே படிப்படியாக மாறுவது அதற்கும் அடுத்த படி. கணினிக்காரர்கள் இவற்றை ஜி 0, ஜி 1, ஜி 2 என்பார்கள். நான் முதன்முதலில் செய்த முன்சக்கர மட்கார்டைக் கையால் தடவிப் பார்த்தபோது வெண்ணெய் போலிருந்தது. மேலே வெள்ளி நிற டைநாக் ஃபிலிமை நனைத்து இழுத்து ஒட்டினார்கள். விளக்கின் பிரதிபலிப்பு அதன் மேல் ஓடி நடுவில் முழங்கால் மடிந்தது போல உடைந்தது. அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உருவச் சிற்பம் நிழலைப் பார்க்கப் பழக்குகிறது. காரில் பார்க்க வேண்டியது பிரதிபலிப்பை. இரண்டும் வேறு.

கடைசியாக, "என் படைப்பு" என்ற எண்ணம். வடிவம் டிசைனருடையது. இயந்திரம், இருக்கை, கண்ணாடிச் சாய்வு, விளக்கின் உயரம், பாதசாரி மேல் மோதினால் என்ன ஆகும் என்பது பற்றிய விதி என்று நகராத புள்ளிகளோடு பொறியாளர்கள் நிற்பார்கள். இரண்டு வாரம் இழைத்த தோளை மறுநாள் காலை ஒருவர் பார்த்துவிட்டு "ஐந்து மில்லி இறக்குங்கள்" என்பார். ஐந்து மில்லி இறக்கினால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்த நான்கையும் உதற முடியுமா என்பதுதான் அசல் கேள்வி. சிற்பிகள் இந்தத் தொழிலில் தோற்பது கை போதாமல் இல்லை, கையை மறைத்துக்கொள்ள முடியாமல்.

## வழி ஒன்று: நேரே கிளே ஸ்டூடியோ

அதாவது செய்த உருவச் சிற்பங்களின் படத் தொகுப்போடு (போர்ட்ஃபோலியோ) பயிற்சி மாடலராகவோ உதவியாளராகவோ கார் நிறுவனத்திலோ, அவர்களுக்கு மாதிரி செய்து தரும் தனிப் பட்டறையிலோ சேர்வது.

முதல் அளவுகோலில் இதுவே முன்னால் நிற்கிறது. மேலே சொன்ன நான்கு திறமையும் முதல் நாளிலிருந்தே வேலைக்கு வரும். உள்கூடு கட்டும் அனுபவமும் கூடவே வரும். முழங்காலில் கம்பி வெளியே துருத்திக்கொண்டு வந்து ஒரு மாத வேலை வீணானவர்களுக்கு, நுரையை எவ்வளவு உள்ளே இறக்கி வெட்ட வேண்டும், களிமண்ணுக்கு எவ்வளவு கனம் விட வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். செலவும் குறைவு. கற்கும்போதே சம்பளம் வருகிறது.

ஆனால் சிலைப் படங்கள் மட்டும் உள்ள தொகுப்பு கதவைத் திறக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். பார்ப்பவர் தேடுவது உணர்ச்சியை இல்லை, கட்டுப்பாட்டை. இரண்டு மூன்று நல்ல தலைகள் போதும். கூடவே தொழில் களிமண்ணில், அதாவது மேலே சொன்ன ஸ்டூடியோ களிமண்ணில், செய்த ஒரு சுத்தமான சமச்சீர்ப் பொருள் இருக்க வேண்டும்: ஹெல்மெட், பைக் டேங்க், நான்கில் ஒரு பங்கு அளவில் காரின் ஒரு மூலை, எதுவாகவும் இருக்கலாம். செய்த படிகளின் படங்களும் வேண்டும். முடிந்த பொருளைவிட, நடுவில் ரேக் கோடுகளோடு நிற்கும் படத்தைத்தான் அனுபவசாலி நின்று பார்ப்பார்.

மறைந்திருக்கும் செலவுகள் நாலைந்து உண்டு. உடம்பு முதலில். முழு அளவு மாதிரி டன் கணக்கில் எடை வரும் பெரிய பொருள். அதன் கீழ்ப்பகுதியைக் குனிந்தும் படுத்தும் சுரண்ட வேண்டும். மணிக்கட்டும் தோள்மூட்டும் கீழ்முதுகும் முதலில் முனகும். இரண்டாவது, ரகசியம். செய்த வேலையைக் கார் வெளிவரும்வரை யாரிடமும் காட்ட முடியாது. நடுவில் திட்டம் கைவிடப்பட்டால் எப்போதும் காட்ட முடியாது. மூன்று வருஷம் உழைத்தும் தொகுப்பில் ஒரு பக்கம்கூடச் சேராமல் போகலாம். மூன்றாவது, இந்த ஸ்டூடியோக்கள் எல்லா ஊரிலும் இல்லை. கார் நிறுவனங்களின் வடிவமைப்பு மையங்கள் இருக்கும் சில நகரங்களுக்கு நீங்கள்தான் போக வேண்டும். நான்காவது, ஒப்பந்த வேலை. மேலதிகாரிகளின் பார்வைநாள் நெருங்கும்போது இரவு பகல் தெரியாது, முடிந்த பின் அடுத்த ஒப்பந்தம் வரும்வரை வெறும் நாட்கள்.

தொழிலின் எதிர்காலம்? இப்போது பெரும்பாலான ஸ்டூடியோக்களில் கணினித் தரவை மில்லிங் எந்திரம் களிமண்ணில் வெட்டித் தருகிறது. மாடலர் அதைக் கையால் திருத்துகிறார். திருத்தியதை ஸ்கேன் செய்து திரும்பக் கணினிக்கு அனுப்புகிறார்கள். இந்தச் சுற்று பலமுறை நடக்கும். முன்பு வாரக்கணக்கில் நடந்த ஆரம்பக் கட்ட வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியிருப்பது தீர்மானிக்கும் வேலை. எண்ணிக்கையில் ஆள் குறையலாம், ஆனால் மிஞ்சியவரிடம் எதிர்பார்ப்பது சிற்பியின் கண்ணைத்தான். அதனால் இந்த வழியில் போகிறவர்கள் கணினியை முற்றிலும் ஒதுக்கக் கூடாது. தரவைத் திறந்து பார்க்கவும், வெட்டுத்தோற்றம் எடுக்கவும், ஸ்கேனைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

ஒரு பக்கக் குறிப்பு: கார் என்றாலே வெளிப்புறம் என்று நினைக்காதீர்கள். இருக்கை, கதவின் உட்பக்கம், டாஷ்போர்டு எல்லாமே களிமண்ணில்தான் தேடப்படுகின்றன. மோட்டார் சைக்கிள் இன்னும் நல்லது. டேங்கும் இருக்கையும் மனித உடம்பு வந்து பொருந்தும் இடங்கள். தொடை எங்கே அணைக்கும், இடுப்பு எங்கே உட்காரும் என்பது உருவம் செய்தவருக்குத் தெரிந்த கணக்கு. என்னைக் கேட்டால் உருவச் சிற்பிக்குக் காரைவிட பைக் ஸ்டூடியோ சுலபமான வாசல்.

## வழி இரண்டு: வாகன வடிவமைப்புப் படிப்பு

பாசடினாவின் ஆர்ட் சென்டர், டெட்ராய்ட்டின் காலேஜ் ஃபார் கிரியேட்டிவ் ஸ்டடீஸ், இங்கிலாந்தின் கவென்ட்ரி, ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் போன்ற இடங்களில் வாகன வடிவமைப்பு தனிப் படிப்பாக இருக்கிறது. ஸ்கெட்ச், பொறியியல் அடிப்படை, பயன்பாட்டு ஆராய்ச்சி, கணினி, களிமண் எல்லாம் ஒன்றாகக் கற்றுத் தருவார்கள். சக மாணவர்களும் பயிற்சி வேலைகளும் பின்னாளில் வேலை தேடும்போது கைகொடுக்கும் உறவுகளாகின்றன.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. இந்தப் படிப்பு டிசைனரை உருவாக்குவதற்கானது, மாடலரை உருவாக்குவதற்கானது இல்லை. களிமண் அதில் ஒரு பாடம். நாள் முழுக்க மண்ணில் இருக்க ஆசைப்பட்டு இங்கே சேர்ந்தால், பாதி நாள் பேனாவோடும் மீதி நாள் விளக்கவுரைத் தயாரிப்போடும் போகும். களிமண் மாடலிங்கை மட்டும் கற்றுத் தரும் குறுகிய படிப்புகளும் பயிற்சித் திட்டங்களும் சில இடங்களில் உண்டு. மாடலராக விரும்புகிறவர் அவற்றை முதலில் தேட வேண்டும்.

சிற்பத் திறமை இங்கே எவ்வளவு பயன்படும்? மாதிரி செய்யும் பருவத்தில் வகுப்பில் நீங்கள்தான் ராஜா. அதற்கு முன்னால், வேகமாக நூறு ஸ்கெட்ச் போட்டுத் தொண்ணூற்றைந்தைக் கிழிக்கும் பருவத்தில், திணறுவீர்கள். சிற்பி மெதுவாக ஒன்றைத் தேடுகிறவன். டிசைனர் வேகமாகப் பலவற்றைத் தேடுகிறவன். இந்த மாற்றம் சிலருக்கு ஒரு வருஷத்தில் வரும், சிலருக்கு வராமலே போகும்.

மறைந்த செலவு கல்விக்கட்டணம் மட்டும் இல்லை. மூன்று, நான்கு வருஷம் சம்பாதிக்காமல் இருப்பதும் செலவுதான். முடித்த பிறகும் டிசைனர் இடங்களுக்குப் போட்டி கடுமை. போதாததற்கு, படிக்கும் காலத்தில் உருவச் சிற்பம் கைவிட்டுப் போகும். திரும்பி வரும்போது கை துருப்பிடித்திருக்கும்.

இது சிறந்த தேர்வாகும் நிலைமை ஒன்று உண்டு. அடுத்தவர் வடிவத்தைச் செய்துகொண்டே இருக்க உங்களால் முடியாது, உங்கள் வடிவத்தை வேறொருவர் செய்ய நீங்கள் நிற்க வேண்டும் என்றால் இதுதான் வழி. மண்ணின் மொழி தெரிந்த டிசைனரை மாடலர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் குறைவு.

## வழி மூன்று: கணினிப் பரப்பு மாடலிங்

ஏலியாஸ் போன்ற மென்பொருளில் காரின் பரப்புகளைக் கட்டுவது. ஆரம்பக் கட்டத்தில் டிசைனரோடு உட்கார்ந்து வடிவம் தேடும் வேலை ஒன்று. இறுதிக் கட்டத்தில், அச்சு செய்யப் போகும் தரத்துக்குப் பரப்பைச் சுத்தமாக்கும் கிளாஸ் ஏ வேலை இன்னொன்று. இரண்டுக்கும் மனநிலையே வேறு. முன்னதில் சிற்பியின் கண்ணுக்கு இடம் உண்டு. பின்னதில் பொறுமைக்குத்தான் முதலிடம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். "எனக்கு டிஜிட்டல் சிற்பம் தெரியும், ஸ்கிரீனில் முகம் செய்வேன், இதுவும் அதே மாதிரிதானே?" இல்லை. முகம் செய்யும் மென்பொருளில் மண்ணைத் தள்ளுவது போல வலையைத் தள்ளுகிறீர்கள். பரப்பு மாடலிங்கில் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்து வளைவுகளை நீங்களே கட்ட வேண்டும். எவ்வளவு குறைந்த புள்ளியில் பரப்பு நிற்கிறதோ அவ்வளவு நல்லது. தச்சுவேலைக்கும் மண்வேலைக்கும் உள்ள வித்தியாசம்.

சிற்பத்திலிருந்து இங்கே வருவது பார்வை. தசை எங்கே இழுபட வேண்டும், எங்கே தளர வேண்டும் என்று தெரிந்தவர், பரப்பில் ஏன் உயிரில்லை என்பதைச் சுட்டிக்காட்ட முடியும். ஆனால் கை அறிவு பெரும்பாலும் வீண். தடவித் தெரிந்துகொள்ளும் பழக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இதன் பலம் வேலை வாய்ப்பில் இருக்கிறது. களிமண் மாடலர் வேலைகளைவிட இவை அதிக இடங்களில் கிடைக்கின்றன. உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள், வீட்டுச் சாதனங்கள், மின்னணுப் பொருட்கள் என்று வெளியிலும் போகலாம். முதுகுக்கும் தோளுக்கும் நல்லது. கண்ணுக்கும் கழுத்துக்கும் இல்லை.

மறைந்த செலவில் பெரியது அளவு பற்றிய ஏமாற்றம். ஸ்கிரீனில் எல்லாக் காரும் ஒரே அளவுதான். பெரிய தட்டைப் பரப்பை நிஜ அளவில் பார்த்தால் நடுவில் குழிந்தது போலக் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் தட்டையாகத் தெரிய வேண்டிய கதவுக்கும் கூரைக்கும் மெல்லிய புடைப்பு கொடுக்கிறார்கள். இதைச் சிறிய திரையில் உணர முடியாது. நிஜ அளவுக் களிமண் பக்கத்தில் நின்றவருக்கு இது உடம்பில் பதிந்திருக்கும். வி.ஆர். இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, மூடவில்லை. இன்னொரு செலவு, மென்பொருள் உரிமமும், அதைச் சரளமாகக் கையாள வேண்டிய பயிற்சிக் காலமும். சில மாதத்தில் கட்டளைகள் தெரியும். நல்ல பரப்பு வருவதற்கு வருஷங்கள் ஆகும்.

## போகாமலே இருந்தால்?

இதையும் ஒரு தேர்வாக வைக்கத்தான் வேண்டும். திரைப்படத்துக்கான உருவங்கள், ஒப்பனைக்கான முகமூடிகள், சேகரிப்புப் பொம்மைகள், நினைவுச் சின்னங்கள். இங்கே விரல் தடத்துக்கும் சமச்சீரின்மைக்கும் மதிப்பு உண்டு. வருமானம் சீராக இராது, பெயர் நிலைக்கும். வாகன உலகத்தின் ஓரத்தில்கூட இப்படி நின்றவர்கள் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் மூக்கில் நிற்கும் பெண்ணுருவம் சார்ல்ஸ் சைக்ஸ் என்ற சிற்பி 1911-இல் செய்தது. புகாட்டி ராயல் காரின் முகப்பில் எழுந்து நிற்கும் யானை, நிறுவனரின் தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி செய்த சிற்பத்திலிருந்து வந்தது. இருவரும் உருவத்தை விட்டுவிட்டுக் காருக்கு வரவில்லை. அவர்கள் செய்த உருவமே காரின் மேல் ஏறியது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரே கிளே ஸ்டூடியோ | வடிவமைப்புப் படிப்பு | கணினிப் பரப்பு |
|---|---|---|---|
| சிற்பத் திறமை பயன்படுவது | கண்ணும் கையும் | கண், சில பருவங்களில் கை | கண் மட்டும் |
| மறக்க வேண்டியது | விரல் தடம், "என் படைப்பு" | மெதுவாகத் தேடும் பழக்கம் | தொட்டுப் பார்க்கும் பழக்கம் |
| முதல் சம்பளம் | இடம் கிடைத்தால் உடனே | படிப்பு முடிந்த பின் | பயிற்சி முடிந்த பின் |
| வடிவத்தில் உங்கள் சொல் | நல்ல டிசைனர் அமைந்தால் நிறைய | அதிகம் | ஆரம்பக் கட்டத்தில் ஓரளவு, இறுதியில் குறைவு |
| உடம்பு | கடினம் | சுலபம் | கண், கழுத்துக்குச் சிரமம் |
| வேலை இடங்கள் | குறைவு, சில நகரங்களில் | குறைவு, போட்டி அதிகம் | அதிகம், பிற துறைகளிலும் |
| மறைந்த செலவு | ரகசியத்தால் தொகுப்பு வளராது | வருமானம் இல்லாத வருஷங்கள் | அளவு உணர்வு மங்கும் |

## யாருக்கு எது

இருபதுகளின் நடுவில் இருக்கிறீர்கள், கையில் பலமான தலைகளும் உருவங்களும் உள்ளன, ஊர் மாறத் தயக்கம் இல்லை என்றால், முதல் வழியில் போங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பரப்பு மென்பொருள் பழகுங்கள். இந்தக் கலவைதான் இன்றைய ஸ்டூடியோவில் அதிகம் தேடப்படுவது என்பது என் கணிப்பு.

நாற்பதைத் தாண்டியவர், ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர் முழு அளவு மாதிரியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கணினிப் பரப்பின் ஆரம்பக் கட்ட வேலைக்கு உங்கள் கண் போதும். குடும்பப் பொறுப்பால் ஊர் மாற முடியாதவருக்கும் அதுவே நடைமுறை.

பள்ளி முடித்தவுடன் "சிற்பமா, வாகன வடிவமைப்பா" என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு வேறு பதில். டிசைனர் ஆக ஆசை என்றால் நேரே வடிவமைப்புக்குப் போங்கள். சிற்பத்தை முழுதாக முடித்துவிட்டு வருவது நீண்ட சுற்றுவழி. ஆனால் அந்தப் படிப்போடு கூடவே, வாரம் ஒருமுறை ஆள் பார்த்து உருவம் செய்யும் வகுப்புக்குப் போங்கள். வேறு எதுவும் அந்தக் கண்ணைத் தராது.

இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு ஒரு சோதனை. ஒரே ஒரு கட்டித் தொழில் களிமண் வாங்குங்கள். ஒரு முழ நீளத்துக்குள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் எளிய வடிவம் ஒன்றைச் செய்யுங்கள். மூடி இல்லாத பைக் டேங்க் மாதிரி ஏதாவது. நடுக்கோடு போட்டு, ஒரு பக்கத்தை முடித்து, அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். ரேக் இல்லாவிட்டால் பழைய ரம்ப அலகை உடைத்துப் பயன்படுத்தலாம். மேலே பளபளப்பான மெல்லிய ஃபிலிமை ஒட்டி, டியூப் லைட்டின் கீழ் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சக் கோடு எங்கோ நெளியும், முதல் தடவை யாருக்கும் நெளியாமல் இருந்ததில்லை. ஃபிலிமை உரித்துத் திருத்தி மறுபடி ஒட்டுங்கள். மூன்றாம் நாள் மாலையும் அந்த நெளிவைத் தேடிப்போகத் தோன்றுகிறதா, அல்லது ஓரத்தில் கிடக்கும் மிச்ச மண்ணை எடுத்து விரல்கள் தாமாக ஒரு மூக்கைப் பிடிக்கின்றனவா என்று கவனியுங்கள். முன்னது என்றால், ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வையுங்கள். தொகுப்பின் முதல் பக்கம் அதுதான்.